தீபாவளி, பொங்கல் படங்களை வீட்டில் பார்த்தபோது: எது நின்றது, எது நிற்கவில்லை

உறையூர்க்காரி:

2025 பொங்கலுக்கு வந்த படங்கள் ஒவ்வொன்றாக ஓடிடிக்கு வந்தன. 2024 தீபாவளிப் படங்களையும் சேர்த்து வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்தோம். சிலது சந்தாவில், சிலது வாடகைக்கு. வீட்டில் என்றால் மாமியார், அவர், நான், பத்தாவது படிக்கும் மகள். நாலு பேருக்கும் நாலு ருசி. சினிமாவைப் பற்றி ஆழமாகப் படித்தவள் இல்லை நான். ஆனால் ஒரு படம் எங்கள் ஹாலில் கடைசி வரை நிற்கிறதா, பாதியில் ஆளாளுக்கு எழுந்து போகிறார்களா என்பதை நன்றாகக் கவனிப்பேன். என் அபிப்பிராயம் எல்லாம் அதை வைத்துத்தான்.

அமரன்: மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரலில் சோபியானில் உயிர்விட்டார், அடுத்த வருடக் குடியரசு தினத்தில் அசோக சக்கரத்தை அவர் மனைவி இந்து வந்து வாங்கிக்கொண்டார். முடிவு எல்லாருக்கும் தெரிந்த கதை. அப்படியிருந்தும் பிடித்து உட்கார வைத்ததற்குக் காரணம், கதையை இந்துவின் பக்கத்திலிருந்து சொன்னதுதான். மாமியார் சண்டைக் காட்சி வரும்போதெல்லாம் எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார். இந்துவாக நடித்த சாய் பல்லவி போனைக் காதில் வைத்ததும் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவார். துப்பாக்கிச் சத்தம் டிவியில் வெறும் இரைச்சலாகத்தான் இருந்தது. அந்தப் போன் பேச்சுகளில்தான் படம் உயிரோடு இருந்தது.

பிரதர்: அக்கா தம்பி பாசம் என்று ஆசையாகப் போட்டோம். இடைவேளைக்கு முன்பே மகள் புத்தகத்தை எடுத்துவிட்டாள். இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

வணங்கான்: அருண் விஜய்யின் உழைப்பு ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது. ஆனால் பெரியவர்களையும் பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க முடியவில்லை. நிறுத்திவிட்டு, எல்லாரும் தூங்கிய பிறகு நாங்கள் ரெண்டு பேர் மட்டும் பார்த்து முடித்தோம்.

காதலிக்க நேரமில்லை (கிருத்திகா உதயநிதி படம், பழைய ஸ்ரீதர் படம் இல்லை): கல்யாணம் இல்லாமல் செயற்கைக் கருத்தரிப்பில் தனியாகப் பிள்ளை பெற முடிவெடுக்கும் பெண்ணாக நித்யா மேனன். மாமியார் முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். அவரோ "அது எப்படிம்மா செய்வாங்க?" என்று கேட்க, மகள் பாடப் புத்தகத்தில் படித்ததை வைத்துப் பொறுமையாகச் சொன்னாள். எங்கள் வீட்டில் இந்த விஷயத்தைப் பற்றி இப்படி ஒரு பேச்சு நடக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. கொஞ்சம் இழுவைதான், ஆனாலும் அந்தப் பேச்சுக்காகவே எனக்குப் படம் பிடித்துவிட்டது.

இத்தனையும் பார்த்த பிறகு எங்கள் நாலு பேருக்கும் ஒன்றுபோலப் பிடித்த ரெண்டு படமும் பண்டிகை ரிலீஸே கிடையாது. மெய்யழகனும் லப்பர் பந்தும் தியேட்டருக்கு வந்தது செப்டம்பரில். தீபாவளியை ஒட்டித்தான் வீட்டுக்கு வந்தன. மெய்யழகனில் மணமேடையில் தங்கைக்கு அரவிந்த்சாமி தன் கையாலேயே நகையைப் போட்டுவிடுகிற இடத்தில் மாமியார் முந்தானையை எடுத்தார். அவர் அழுததைப் பார்த்து இவர் ரிமோட்டைக் கீழே வைத்தார். எங்கள் வீட்டுத் தீபாவளிப் படம் அதுதான்.

ஒரே குறை, எல்லாப் படத்திலும் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பேசினால் காதில் விழவில்லை, பாட்டு வந்தால் பக்கத்து வீட்டுக்கே கேட்கிறது.

உங்கள் வீடுகளில் எது நின்றது? சொல்லுங்கள்.

முதல்காட்சி_மதுரை:

அக்கா, அமரன் பற்றி நீங்கள் எழுதியது அப்படியே உண்மை. மற்றதில் எனக்கு உடன்பாடு இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பண்டிகைப் படம் ஊரே சேர்ந்து பார்ப்பதற்காக எடுப்பது. அதை நாலு வாரம் கழித்து, பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்கு நடுவில், நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு நிற்கவில்லை என்றால் என்ன நியாயம்? 2025 பொங்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். விடாமுயற்சி பொங்கலுக்கு வரவில்லை, பிப்ரவரிக்குப் போய்விட்டது. அந்த இடத்தில் யாரும் எதிர்பார்க்காத மத கஜ ராஜா வந்தது. 2013 பொங்கலுக்கு வரவேண்டிய படம், 12 வருடம் பெட்டிக்குள்ளேயே கிடந்து ஜனவரி 12ஆம் தேதி ரிலீஸ் ஆனது. விஷால், சந்தானம், சுந்தர்.சி, விஜய் ஆண்டனி பாட்டு. அந்தப் பொங்கலுக்கு ஜெயித்ததும் அதுதான்.

நான் அதை அம்மா, அப்பா, பெரியப்பா குடும்பம் எல்லாரோடும் போய்ப் பார்த்தேன். மணிவண்ணன் திரையில் வந்ததும் கைதட்டினார்கள். மனோபாலா வந்ததும் அதைவிடப் பெரிய கைதட்டல். ரெண்டு பேரும் இன்று நம்மோடு இல்லை. மனோபாலாவை வைத்து வரும் அந்த நீளமான காமெடியில் எனக்குப் பக்கத்து சீட்டில் இருந்த, யாரென்றே தெரியாத பெரியவர் சிரித்துச் சிரித்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் அது எங்கே கிடைக்கும்?

வீட்டில் நிற்கவில்லை என்பதால் ஒரு படம் மட்டம் ஆகிவிடாது அக்கா. அது வீட்டுக்காக எடுத்த படம் இல்லை, அவ்வளவுதான்.

தாம்பரம்_கிழக்கு:

மத கஜ ராஜா விஷயத்தில் மதுரைத் தம்பி சொல்வது சரி. தியேட்டரில் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனால் பெண்களைக் காட்டியிருக்கும் விதம் 2012இலேயே பழசு. என் மகளோடு வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்க்க மாட்டேன்.

லப்பர் பந்துக்கு என் ஓட்டும் உண்டு. கெத்து (தினேஷ்) கிரிக்கெட் விளையாடப் போகிறார் என்று தெரிந்து, அவர் மனைவியாக வரும் ஸ்வாசிகா டிராக்டரை ஓட்டி வந்து பிட்ச்சை உழுகிற காட்சிக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் மூன்று பேரும் விசில் அடிக்காத குறை. "நீ பொட்டு வச்ச தங்கக் குடம்" பாட்டு வந்தபோது நான் அடித்தேவிட்டேன். 1989இல் வந்த பொன்மனச் செல்வன் பாட்டு. விஜயகாந்த் போய் ஒரு வருடம் ஆவதற்குள் அவருக்கு இப்படி ஒரு மரியாதை செய்தார்களே என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. கிரிக்கெட் டீமுக்குள் சாதி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கையில் பிரம்பெடுக்காமல் சொன்ன படமும் அதுதான்.

உறையூர்க்காரி:

மதுரைத் தம்பி, கோபம் எதற்கு? அந்தப் பெரியவர் உங்கள் தோளைப் பிடித்ததை நான் ஒரு நாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன். தியேட்டரை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எங்கள் நாலு பேருக்கு டிக்கெட், பார்க்கிங், பாப்கார்ன் என்று போட்டால் மாதத்துக்கு ஒரு தடவைகூடக் கட்டுப்படியாகாது. அதனால் என் தீர்ப்பு ஹாலில்தான் நடக்கும்.

ஆனால் நீங்கள் சொன்னதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறது. பண்டிகைக் கூட்டம் கைவிட்ட படங்களை வீடுதான் காப்பாற்றியிருக்கிறது. அன்பே சிவம் 2003 பொங்கல் படம். அதே பொங்கலுக்கு விக்ரம் நடித்த தூள் வந்தது. ஜனம் எல்லாம் தூளுக்குப் போனது, அன்பே சிவம் தியேட்டரில் நிற்கவே இல்லை. அதற்குப் பிறகு டிவியில் போட்டுப் போட்டுத்தான் அந்தப் படம் ஆளாளுக்குப் போய்ச் சேர்ந்தது. என் வயதுக்காரர்களில் அதைத் தியேட்டரில் பார்த்தவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. புவனேஸ்வர் ஏர்போர்ட்டில் மாதவனும் கமலும் மழையில் மாட்டிக்கொள்கிற இடம் எத்தனை வீட்டில் மனப்பாடம்! அந்தப் படத்தை எடுத்தவரும் உங்கள் மத கஜ ராஜாவை எடுத்த சுந்தர்.சிதான். ஒரே ஆள், ரெண்டு பொங்கல், ரெண்டு விதமான படம்.

ஆரவாரத்தில் ஒரு படம் எப்படி இருந்தது என்பது அந்த வாரத்துக் கணக்கு. ஆரவாரம் அடங்கிய பிறகும் அதை யாராவது ஆசையாகத் தேடிப் போட்டுப் பார்க்கிறார்களா என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஸ்கார்பரோ_பெரியண்ணை:

தங்கச்சி சொன்னதுக்கு எங்கட கதை ஒண்டு சொல்லுறன்.

யாழ்ப்பாணத்தில 1990இல கரண்ட் போனது, பிறகு வருசக்கணக்கா இல்லை. படம் பாக்கிறதெண்டால் ஊர்ப் பெடியள் எல்லாரும் காசு சேர்த்து டிவி, டெக் (வீடியோ கசெட் போடுற பெட்டி), ஜெனரேட்டர் மூண்டையும் வாடகைக்கு எடுக்க வேணும். பெற்றோலுக்குத் தடை. ஜெனரேட்டரை மண்ணெண்ணெயில ஓட்டுவினம், அந்தப் புகையும் சத்தமும் எங்களுக்குப் பாட்டோட சேர்ந்ததுதான். ஒரு இரவுக்கு அவ்வளவு காசு குடுத்திட்டு ஒரு படத்தோட ஆர் விடுவினம்? மூண்டு, நாலு படம் விடிய விடிய ஓடும். முத்தத்தில பாய் விரிச்சு அம்மம்மா தொடக்கம் கைக்குழந்தை வரைக்கும் இருப்பம்.

இந்தியாவில எந்தப் படம் தீபாவளிக்கு வந்தது, எது ஓடினது, எது படுத்தது எண்டு எங்களுக்கு ஒண்டும் தெரியாது. கொப்பி வந்து சேரவே மாதக்கணக்காகும். தளபதியும் குணாவும் 1991 தீபாவளிக்கு ஒரே நாளில வந்த படங்கள் எண்டதே எனக்குக் கனடா வந்த பிறகுதான் தெரியும். எங்களுக்கு ரெண்டும் ஒரே இரவு. முதல் தளபதி, பிறகு குணா. ரெண்டுக்கும் இளையராஜா. குணா முடியேக்க விடிஞ்சிட்டுது, ஒருத்தரும் எழும்பேல்லை. குணா அங்க பெரிசா ஓடேல்லை எண்டு பிறகு ஆரோ சொல்லேக்க நான் நம்பவே இல்லை. 2024இல மஞ்சும்மல் பாய்ஸ் வந்து குணாவின்ர "கண்மணி அன்போடு" பாட்டுக்கு உலகமே எழும்பி நிண்டதைப் பாக்க, அந்த முத்தத்தில இருந்த சனத்துக்கு அது அப்பவே தெரிஞ்சிருந்தது எண்டுதான் நினைச்சன்.

இங்க வந்த புதிசில தமிழ்க் கடையளில மரக்கறியோட சேத்துப் படக் கொப்பியும் வாடகைக்கு எடுப்பம். இப்ப எல்லாம் ஓடிடி. ஆனா லைப்ரரியில இப்பவும் டிவிடி காசில்லாமல் எடுக்கலாம். மார்கழி பிறந்தா என்ர மகள் வருசம் தவறாமல் ஹோம் அலோன் எடுத்துக்கொண்டு வருவா. நானும் ஒவ்வொரு வருசமும் இருந்து பாக்கிறன். கள்ளர் படியில வழுக்கி விழுறதுக்குச் சிரிக்கிறதை விட, வீட்டில தனிய நிக்கிற அந்தப் பெடியன் தேவாலயத்தில பக்கத்து வீட்டுக் கிழவனோட கதைக்கிற இடம்தான் எனக்குப் பெரிசு.

இன்னொண்டு, இங்கத்தைய சனத்தின்ர நத்தார் (கிறிஸ்மஸ்) படம் இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப். பிராங்க் காப்ரா 1946இல எடுத்தது. வந்த நேரம் போட்ட காசே திரும்பேல்லை. 28 வருசத்தில காப்புரிமையைப் புதுப்பிக்க வேணும், ஆரோ மறந்துபோச்சினம், 1974இல உரிமை போயிட்டுது. பிறகென்ன, அமெரிக்காவில டிவி நிலையங்கள் எல்லாம் காசு குடுக்காமல் ஒவ்வொரு மார்கழியும் திரும்பத் திரும்பப் போட்டுது. அப்பிடித்தான் அது பண்டிகைப் படமாய் மாறினது. உங்கட அன்பே சிவம் கதையும் இதுவும் ஒண்டுதான் தங்கச்சி.

முதல்காட்சி_மதுரை:

பெரியண்ணே, குணாவைப் பற்றி நீங்கள் எழுதியதை எங்கள் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் 91இல் தளபதிக்கு முதல் நாள் போனவர். குணாவுக்குப் போகாதது பற்றி இன்றைக்கும் வருத்தப்படுவார்.

உறையூர் அக்கா சொல்வதில் ஒரு பாதியை ஏற்றுக்கொள்கிறேன். 2010 பொங்கலுக்கு வந்த ஆயிரத்தில் ஒருவன் இன்னொரு சாட்சி. அன்றைக்கு முதல் பாதிக்கு ஆரவாரம் செய்த கூட்டம் ரெண்டாம் பாதியில் குழம்பிப் போனதை நான் பார்த்தேன். கார்த்தி காமெடி செய்துகொண்டு வருகிறார், சாகசப் படம் என்று நம்பி வந்தவர்களுக்குச் சோழ வம்சத்தின் பஞ்சமும் பைத்தியமும் தாங்கவில்லை. பார்த்திபன் அந்த அரசனாக நடித்ததை இன்றைக்குக் கொண்டாடாத ஆள் இல்லை.

ஆனால் அக்கா, அந்தப் படம் 2020 டிசம்பர் 31ஆம் தேதி மறுபடி ரிலீஸ் ஆனபோது, கொரோனா நேரத்திலும் ஜனம் தியேட்டருக்குத்தான் வந்தது. டிவியிலும் கம்ப்யூட்டரிலும் பார்த்துப் பார்த்து ஆசை வளர்த்தவர்கள், கடைசியில் அதைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்று கிளம்பினார்கள். வீடு காப்பாற்றியது உண்மை. காப்பாற்றி எங்கே அனுப்பியது என்பதையும் பாருங்கள்.

ஒலிப்பெட்டி:

உறையூர் சகோதரி, சத்தப் பிரச்சினைக்கு வருகிறேன், அதுதான் என் தொழில்.

தியேட்டர் படத்தின் 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். பாட்டும் பின்னணியும் பக்கத்திலும் பின்னாலும் இருக்கும் ஸ்பீக்கர்களில் பரவும். டிவியில் இருப்பது பெரும்பாலும் ரெண்டே ஸ்பீக்கர், அதுவும் அடிப்பக்கம் பார்த்தபடி. ஆறு வழியில் வரவேண்டியதை ரெண்டுக்குள் அமுக்கும்போது வசனம் அடிபட்டுப் போகிறது. போதாததற்குத் தியேட்டர் ஒலியில் மெதுவான சத்தத்துக்கும் பலத்த சத்தத்துக்கும் இடைவெளி மிக அதிகம். ஹாலில் அது தொல்லை.

முதலில் படத்தின் ஆடியோ பட்டியலைத் திறந்து பாருங்கள். தமிழ் 5.1, தமிழ் என்று ரெண்டு இருந்தால் 5.1 போடாததைத் தேர்ந்தெடுங்கள். பிறகு டிவியின் ஒலி அமைப்பில் நைட் மோட், வசனத்தைத் தெளிவாக்கும் மோட் என்று ஏதாவது இருக்கும், அதைப் போடுங்கள். சினிமா மோட் வேண்டாம், பெயர் அழகாக இருக்கிறதே தவிர உங்கள் ஹாலுக்கு உதவாது. இதை எல்லாம் செய்தும் கேட்கவில்லை என்றால், நடு ஸ்பீக்கர் உள்ள சவுண்ட்பார் ஒன்று வாங்கலாம். மாமியாருக்குச் சப்டைட்டிலும் போட்டுவிடுங்கள். நிறைய தமிழ்ப் படங்களுக்கு இங்கிலீஷ் சப்டைட்டில் மட்டும்தான் தருகிறார்கள். தமிழுக்குத் தமிழ் சப்டைட்டில் கொடுத்தால் காது மந்தமான எத்தனை பெரியவர்கள் சந்தோஷப்படுவார்கள்! இதை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை என்பதே எனக்கு ஆதங்கம்.

மெய்யழகன் பற்றி ஒரு வார்த்தை. தியேட்டரில் நீளம் என்று சொன்னார்கள், ரிலீசுக்குப் பிறகு 18 நிமிடம் வெட்டினார்கள். இரவு முழுக்க ரெண்டு பேர் பேசிக்கொண்டே இருக்கிற படத்தில் நீளம் எப்படிக் குறை ஆகும்? அந்தப் பேச்சுக்கு நடுவே தவளைச் சத்தம், தூரத்துக் கோயில் ஒலி என்று எவ்வளவு நுணுக்கமாக அடுக்கினாலும் அது கேட்க அமைதி வேண்டும். அந்த வகையில் வீடுதான் அதற்கு நல்ல தியேட்டர்.

கோவை_மேட்டுப்பாளையம்ரோடு:

யாரும் மெரி கிறிஸ்துமஸ் பற்றிச் சொல்லவில்லையே! ஸ்ரீராம் ராகவன் படம், விஜய் சேதுபதி, கத்ரீனா கைஃப். கதை முழுக்க பம்பாயில் ஒரு கிறிஸ்துமஸ் இரவில் நடக்கிறது, வந்ததோ 2024 பொங்கலுக்கு. கேப்டன் மில்லரும் அயலானும் அதே நாளில் வந்ததால் எங்கள் ஊரில் இது எந்தத் தியேட்டரில் ஓடியது என்றே தெரியவில்லை. இந்தியில் எடுத்ததைத் தமிழில் டப்பிங் மட்டும் செய்யாமல், துணைப் பாத்திரங்களுக்கு ராதிகா மாதிரி நம் ஆட்களை வைத்துத் தனியாக எடுத்தார்கள். கடைசியில் கொஞ்ச நேரம் ஒருத்தரும் பேசமாட்டார்கள். முகத்தையும் கையையும் மட்டும் பார்த்தே என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். அந்த இடத்தில் யாரும் போனை எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்தாவது படிக்கும் பிள்ளை இருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். இப்போது சென்சாரில் யு/ஏ என்று மொத்தமாகக் கொடுக்காமல் 7+, 13+, 16+ என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். வாடகைக்கு எடுக்கும் முன் அந்த எண்ணைப் பார்த்துவிட்டால், வணங்கானில் ஆன மாதிரி பாதியில் நிறுத்த வேண்டியிருக்காது.

உறையூர்க்காரி:

ஒலிப்பெட்டி அண்ணா, நீங்கள் சொன்னபடி 5.1 இல்லாத ஆடியோவை வைத்து லப்பர் பந்தை மறுபடி கொஞ்சம் ஓட்டிப் பார்த்தேன். தினேஷ் வாய்க்குள்ளேயே பேசுவதுகூட மாமியாருக்குக் கேட்டது. ரொம்ப நன்றி. தமிழ் சப்டைட்டில் பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு. என் அப்பாவுக்குக் காது கேட்காது. கடைசி வருடங்களில் அவர் படம் பார்ப்பதையே விட்டதற்கு அது ஒன்றுதான் காரணம்.

பெரியண்ணே, நீங்கள் எழுதியதை வீட்டில் எல்லாருக்கும் சத்தமாகப் படித்தேன். மகள் குணா பார்த்ததில்லை, பார்க்க வேண்டும் என்கிறாள். தம்பி, உங்கள் கடைசி வரிக்கு என்னிடம் மறுப்பு இல்லை. அடுத்த தீபாவளிக்கு ஒரே ஒரு படம் தியேட்டரில் என்று இவரிடம் பேசி வைத்திருக்கிறேன். எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இந்தச் சனி, ஞாயிறுக்கு மெரி கிறிஸ்துமஸ், குணா, ஆயிரத்தில் ஒருவன் மூன்றும் பட்டியலில் இருக்கின்றன. சந்தாவில் இல்லாததை வாடகைக்கு எடுத்துக்கொள்வோம். எதை முதலில் போடட்டும்?

தாம்பரம்_கிழக்கு:

குணா. பிள்ளை கேட்கும்போதே போட்டுவிடுங்கள். ஆயிரத்தில் ஒருவன் மூன்று மணி நேரம், அதற்கு ஞாயிறு காலைதான் சரி. வாடகைப் படத்துக்குப் பெரும்பாலும் 30 நாள் தவணை உண்டு, ஆனால் ஓடவிட்டதிலிருந்து 48 மணி நேரம்தான். சனிக்கிழமை எல்லாரும் உட்காருவதற்கு முன்னால் "ஓடுதா பார்ப்போம்" என்று யாரும் அழுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்கார்பரோ_பெரியண்ணை:

குணாதான். பிள்ளை என்ன சொன்னவ எண்டு பிறகு வந்து எழுதுங்கோ தங்கச்சி.